பப்ளியஸைப் புது ஆங்கிலத்தில் படிக்கும்போது

1787 அக்டோபர் 27, சனிக்கிழமை. நியூயார்க் நகரில் வாரத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்த ‘இண்டிபெண்டன்ட் ஜர்னல்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியானது. ‘நியூயார்க் மாநில மக்களுக்கு’ என்று விளித்துத் தொடங்கியது. ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரோடு முடிந்தது. அதன் முதல் வாக்கியத்தை, அந்தக் காலத்து ஆங்கிலத்தின் கனம் குறையாமல் தமிழில் தர முயன்றால் ஏறக்குறைய இப்படி வரும்: “நடப்பிலுள்ள கூட்டரசின் திறனின்மையை ஐயத்துக்கிடமின்றி அனுபவித்தறிந்த பின்னர், அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கெனப் புதியதோர் அரசமைப்பைக் குறித்து ஆராய்ந்து தெளியுமாறு நீவிர் அழைக்கப்பெறுகின்றீர்.”

இதையே இன்றைய நடையில் சொல்லிப் பார்ப்போம்: “இப்போது இருக்கிற அரசு சரிப்படாது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். புதிதாக ஓர் அரசமைப்பு உங்கள் முன் வந்திருக்கிறது. அது வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.”

செய்தி ஒன்றுதான். ஆனால் முதலாவதைப் படிக்க நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது. அமெரிக்காவில் இந்தக் கட்டுரைகளுக்குக் கொஞ்ச காலமாக நடந்துவருவது இந்த வேலைதான். 85 கட்டுரைகளையும், அல்லது அவற்றில் முக்கியமானவற்றை மட்டும், இன்றைய ஆங்கிலத்தில் மாற்றி எழுதிப் புத்தகமாகப் போடுகிறார்கள். ‘பெடரலிஸ்ட்’ கட்டுரைகள் என்று பெயர்பெற்ற இவற்றை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் இன்றும் மேற்கோள் காட்டுகிறது. பள்ளி, கல்லூரிப் பாடத்திலும் இருக்கின்றன. ஆனால் முழுதாகப் படித்தவர்கள் குறைவு, மொழி கடினம் என்பதால். அப்படியானால் எளிய ஆங்கிலத்தில் கொடுப்பது நல்லதுதானே?

நல்லதுதான் என்பதே என் எண்ணம். இவை அறிஞர்கள் அறிஞர்களுக்கு எழுதியவை இல்லை. வாக்காளர்களை இசையவைக்க அவசர அவசரமாகப் பத்திரிகைக்கு எழுதியவை. சாதாரண வாசகனுக்குப் புரியவில்லை என்றால் எழுதியதன் நோக்கமே போய்விடும். ஆனால் மூலத்தையும் எளிய வடிவத்தையும் எதிரெதிரே வைத்துப் படிக்கப் படிக்க, சில இடங்களில் மொழி எளிதாகும்போதே வாதமும் மாறிப்போவதைப் பார்க்கிறேன். அதுவும் முக்கியமாக ‘ஒற்றுமை’ என்ற ஒரு விஷயத்தில். அதை விளக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற 13 மாநிலங்களும் முதலில் ஒரு தளர்வான கூட்டு உடன்படிக்கையின் கீழ் இருந்தன. 1777-ல் எழுதி 1781-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அது. அதன்படி காங்கிரஸ் என்ற பொது மன்றம் ஒன்று உண்டு. ஆனால் மக்களிடம் நேரடியாக வரி வசூலிக்க அதற்கு உரிமை இல்லை. மாநிலங்களிடம் ‘இவ்வளவு பணம் அனுப்புங்கள்’ என்று கேட்கலாம். அனுப்பினால் உண்டு. போரில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவாவது இறக்குமதிப் பொருள்கள் மீது 5 சதவீத வரி போட அனுமதி கொடுங்கள் என்று 1781-ல் காங்கிரஸ் கேட்டது. உடன்படிக்கையை மாற்ற 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறிய ரோட் ஐலண்டு மறுத்தது, திட்டம் விழுந்தது. இரண்டாம் முறை, 1783-ல் கேட்டபோது முட்டுக்கட்டை போட்டது நியூயார்க். காரணம் எளிது. பக்கத்து மாநிலங்களான கனெக்டிகட், நியூஜெர்சிக்குப் போகும் சரக்குகள் நியூயார்க் துறைமுகம் வழியாக வரும். அந்த வரி வருமானத்தை விட்டுக்கொடுக்க அதற்கு மனமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நம் வாசல் வழியாகப் போக வேண்டியிருக்கிறது என்று காசு வாங்குவது போலத்தான். பப்ளியஸ் ஏன் குறிப்பாக நியூயார்க் மக்களைப் பார்த்துப் பேசினார் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

1786-ல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் கடனிலும் வரியிலும் மூழ்கிய விவசாயிகள் நீதிமன்றங்களை மறித்தார்கள். டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைத் தலைவர் பெயரால் அந்தக் கிளர்ச்சி அறியப்படுகிறது. 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கு வரை போய்விட்டார்கள். பணமும் படையும் இல்லாத காங்கிரஸால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய மாநாடு, பழைய உடன்படிக்கையைத் திருத்துவதாகச் சொல்லிவிட்டு, பூட்டிய கதவுகளுக்குள் முற்றிலும் புதிய அரசமைப்பு ஒன்றை எழுதி, செப்டம்பர் 17 அன்று முடித்தது. வந்திருந்த 55 பேரில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். நியூயார்க் அனுப்பிய மூவரில் இருவர் ஜூலையிலேயே வெளியேறிவிட்டார்கள். மிச்சமிருந்து கையெழுத்திட்டவர் அலெக்சாண்டர் ஹாமில்டன்.

9 மாநிலங்கள் ஏற்றால் அரசமைப்பு நடைமுறைக்கு வரும். நியூயார்க்கில் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் தரப்பு கடுமையாக எதிர்த்தது. அங்கேதான் ஹாமில்டன் இந்தத் தொடரை ஆரம்பித்தார். ஜான் ஜேயைச் சேர்த்துக்கொண்டார். நான்கு கட்டுரை எழுதியதும் ஜே நோயில் படுத்துவிட்டார். பிறகு ஒன்றுதான் எழுத முடிந்தது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் வந்து சேர்ந்தார். ஹாமில்டன் 51, மேடிசன் 29, ஜே 5. ஏழே மாதத்தில் 85 கட்டுரைகள், ஒன்றே முக்கால் லட்சம் சொற்களுக்குப் பக்கம். கட்டுரையின் ஆரம்பம் அச்சுக் கோக்கும்போதே மீதி இன்னும் பேனாவில் இருந்தது என்று மேடிசன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மூவருக்கும் சேர்த்து ஒரே பெயர், பப்ளியஸ். மன்னனை விரட்டி ரோமில் குடியரசை நிறுவியவர்களில் ஒருவரான பப்ளியஸ் வலேரியஸின் பெயர் அது.

சரி, இப்போது மொழிக்கு வருவோம். ஹாமில்டனின் வாக்கியங்களில் சராசரியாக 34, 35 சொற்கள். மேடிசனுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். சில வாக்கியங்கள் அரைப் பக்கம் ஓடும். எழுவாய் ஒரு கரையில், பயனிலை மறு கரையில். இதை உடைத்து மூன்று நான்கு சிறு வாக்கியமாக்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் குறளையே உரை வழியாகத்தான் படிக்கிறோம். உரையால் குறள் கெட்டுப்போனதாக யாரும் சொல்வதில்லை.

சிக்கல் சொற்களில் இருக்கிறது. அதே எழுத்து, அதே உச்சரிப்பு, ஆனால் இருநூறு ஆண்டுகளில் பொருள் நகர்ந்துவிட்ட சொற்கள். ‘கேண்டர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதற்கு ஒளிவுமறைவில்லாமல் பேசுவது என்று பொருள். ஹாமில்டன் காலத்தில் காழ்ப்பில்லாத மனம், பிறரைப் பற்றி நல்லதாக நினைக்கும் குணம் என்ற பொருள் முன்னால் நின்றது. முதல் கட்டுரையில் அவர் எதிர்த்தரப்பைப் பற்றிப் பேசும் இடத்தில், அவர்களும்கூட நேர்மையான எண்ணத்தோடு எதிர்க்கலாம் என்று ஒப்புக்கொள்ளும்படி நம்மிடமுள்ள ‘கேண்டர்’ நம்மைக் கட்டாயப்படுத்தும் என்கிறார். ‘வெளிப்படையாகச் சொன்னால், அவர்களும் நல்லவர்களாக இருக்கலாம்’ என்று மாற்றினால் அது ஒரு பேச்சு வழக்காகிவிடும். மூலத்தில் அது ஒரு கடமை: எதிராளியை நல்ல மனதோடு எடைபோட வேண்டிய கடமை. அதே கட்டுரையில் ‘ஸ்பீஷஸ்’ என்று வருகிறது. இன்று அது போலி வாதத்தைக் குறிக்கும். அன்று, மேலுக்குப் பார்க்க அழகாக இருப்பது என்ற பொருளும் அதில் சேர்ந்திருந்தது. மக்கள் உரிமை மீதான ஆர்வம் என்ற அழகிய முகமூடிக்குப் பின்னால் பதவி ஆசை ஒளிந்திருக்கலாம் என்கிறார் ஹாமில்டன். முகமூடி அழகாக இருப்பதுதான் அங்கே ஆபத்து. ‘போலி முகமூடி’ என்றால் அந்த ஆபத்து பாதி போய்விடுகிறது.

இவை சின்னச் சின்னச் சேதங்கள். பெரியது ‘பெடரல்’ என்ற சொல்லில் இருக்கிறது. இன்றைய அமெரிக்கனுக்குப் ‘பெடரல்’ அரசு என்றால் வாஷிங்டன், மைய அரசு. 1787-ல் அந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய எதிர்ப்பொருள்: தனித்தனி அரசுகள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த கூட்டு. மையம் வலுவாக இருக்க வேண்டும் என்றவர்களை அன்றைய வழக்கப்படி ‘நேஷனல்’ ஆட்கள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல் மக்களைப் பயமுறுத்தியது. பிலடெல்பியா மாநாட்டிலேயே ஜூன் 20 அன்று ஆலிவர் எல்ஸ்வொர்த் எழுந்து, தீர்மானத்திலிருந்து ‘நேஷனல்’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் அதே தரப்பு ‘பெடரலிஸ்ட்’ என்ற பெயரைத் தனதாக்கிக்கொண்டது. மாநிலங்களின் கூட்டைக் காப்பாற்ற நினைத்தவர்களுக்கு ‘எதிர்ப்பாளர்’ என்ற பெயர் மிஞ்சியது. 39-ஆம் கட்டுரையில் மேடிசன், கண்டிப்பாகச் சொன்னால் இந்த அரசமைப்பு முழுக்க ‘நேஷனல்’ வகையும் அன்று, முழுக்க ‘பெடரல்’ வகையும் அன்று, இரண்டின் கலவை என்கிறார். இந்த வரியை அப்படியே இன்றைய வாசகனிடம் கொடுத்தால், இரண்டும் ஒன்றுதானே, எதோடு எது கலந்தது என்று விழிப்பான். இங்கே எளிமையாக்குபவர் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். ‘மாநிலங்களின் கூட்டு’, ‘ஒரே தேசம்’ என்று பிரித்து எழுதினால் புரியும். அதோடு அந்தப் பெயர் எப்படிக் கைமாறியது என்ற கதையையும் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் மூலத்தைவிட நல்ல புது வடிவம் வாசகனுக்கு அதிகம் உதவும் என்றே நம்புகிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. 2021-ல் ‘மத்திய அரசு’ என்பதா ‘ஒன்றிய அரசு’ என்பதா என்று நாம் எவ்வளவு சூடாகப் பேசினோம்! சொல்லை மாற்றினால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற படமே மாறுகிறது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

அடுத்து ‘பேக்‌ஷன்’. நம் கோஷ்டி என்ற சொல் இதற்கு நன்றாகப் பொருந்தும். 10-ஆம் கட்டுரையில் மேடிசன் இதை வரையறுக்கிறார். ஒரு பொதுவான வெறியாலோ நலனாலோ ஒன்றுசேர்ந்து, மற்ற குடிமக்களின் உரிமைக்கோ ஒட்டுமொத்தச் சமூகத்தின் நிரந்தர நன்மைக்கோ எதிராக இயங்கும் மக்கள் கூட்டம்தான் கோஷ்டி என்கிறார். வரையறைக்கு நடுவே ஒரு சிறு தொடரைச் செருகுகிறார்: அந்தக் கூட்டம் மொத்தத்தில் ‘பெரும்பான்மையாக இருந்தாலும் சிறுபான்மையாக இருந்தாலும்’. எளிய வடிவத்தில் ‘பேக்‌ஷன்’ என்பதை ‘கட்சி’ என்றோ ‘தன்னலக் குழு’ என்றோ போட்டால் வாசகன் மனதில் யார் வருவார்கள்? பணக்காரர்கள், கம்பெனிகளுக்காகத் தரகு பேசுபவர்கள், ஏதோ ஒரு சிறு கும்பல். மேடிசனுக்கு அதிகம் பயம் தந்ததோ மற்றது. சிறுபான்மை கோஷ்டியை வாக்கெடுப்பில் தோற்கடித்துவிடலாம் என்று அவரே எழுதுகிறார். பெரும்பான்மையே கோஷ்டியாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அந்தக் கட்டுரை முழுவதையும் ஓட்டும் கேள்வி. அந்தச் சிறு செருகல் கழன்று விழுந்தால் கட்டுரையின் முதுகெலும்பே போய்விடுகிறது.

இனி ஒற்றுமைக்கு வருகிறேன். இந்தத் தொடரை ‘தேச ஒற்றுமைக்கான கட்டுரைகள்’ என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். முதல் 14 கட்டுரைகளுமே ஒன்றியம் ஏன் வேண்டும் என்பதைச் சுற்றித்தான் நகர்கின்றன. ஆனால் அங்கே ஒற்றுமை என்பது ஒரே பொருளில் வரவில்லை.

அக்டோபர் 31 அன்று வந்த 2-ஆம் கட்டுரை ஜே எழுதியது. நிலமே ஒன்றாக இருக்கிறது என்று தொடங்குகிறார். கப்பல் ஓடும் ஆறுகளும் நீர்வழிகளும் நாட்டின் எல்லையைச் சுற்றிச் சங்கிலி போலக் கிடந்து அதைப் பிணைக்கின்றன. இறைவனின் அருள் இந்த ஒரே நாட்டை ஒரே மக்களுக்குத் தந்திருக்கிறது. அவர்கள் ஒரே மூதாதையரின் வழிவந்தவர்கள், ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒரே மதத்தவர்கள், ஒரே ஆட்சிக் கொள்கையில் பற்றுள்ளவர்கள், பழக்கவழக்கத்திலும் ஒத்தவர்கள். படிக்க இதமான பத்தி. எளிய ஆங்கிலத்தில் இன்னும் இதமாக, ஒரு பாட்டு மாதிரி ஒலிக்கும்.

ஆனால் எழுதியவரைப் பாருங்கள். ஜேயின் தந்தை வழியினர் மத ஒடுக்குமுறையால் பிரான்ஸை விட்டு வந்த புராட்டஸ்டன்ட்கள். தாய் வழியினர் டச்சுக்காரர்கள். அவர் எழுதிய மாநிலத்தையும் பாருங்கள். நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கில் டச்சு பேசும் குடும்பங்கள் அன்றும் ஏராளம். ஆங்கிலத்தில் இருந்தால் அவர்களுக்குப் போய்ச் சேராது என்று, இதே அரசமைப்பை 1788-ல் ஆல்பனியில் டச்சு மொழியில் அச்சிட்டார்கள். பென்சில்வேனியாவில் ஜெர்மன் மொழியிலும் அச்சிட்டார்கள். ‘ஒரே மொழி’ பேசும் மக்களிடம் ஆதரவு கேட்க மூன்று மொழி வேண்டியிருந்தது. 1790-ல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் மொத்தம் சுமார் 39 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். ‘ஒரே மூதாதையர்’ என்ற கணக்கில் அவர்கள் இல்லை. அந்நிலத்தின் பூர்வகுடிகளும் இல்லை.

ஜே ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. நாடு உடைந்துவிடுமோ என்று பயந்த ஒருவர், அது ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறார். குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு வந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து, ‘நாமெல்லாம் ஒரே ரத்தம்’ என்று சொல்வாரே, அந்தக் குரல். அவர் நிலவரத்தை விவரிக்கவில்லை, வேண்டிக்கொள்கிறார்.

அந்தச் சமயத்தில் எதிர்த்தரப்பில் ‘புரூட்டஸ்’ என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய முதல் கட்டுரை அக்டோபர் 18 அன்று, பப்ளியஸுக்கு முன்பே வந்துவிட்டது. குடியரசு நிலைக்க வேண்டுமானால் மக்களின் பழக்கமும் எண்ணமும் நலனும் ஒத்திருக்க வேண்டும் என்கிறார் புரூட்டஸ். இல்லாவிட்டால் ஓயாத மோதல்தான். வடக்கும் தெற்கும் வெயிலிலும் விளைச்சலிலும் வழக்கத்திலும் இவ்வளவு வேறுபட்டிருக்க, இத்தனை பெரிய நிலத்தை ஒரே குடியரசாக எப்படி ஆள்வீர்கள் என்று கேட்கிறார். சிறிய நிலத்தில்தான் குடியரசு தழைக்கும் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூவின் கருத்து அன்று எல்லோரும் மதித்த ஒன்று. அதையும் துணைக்கு அழைக்கிறார். கவனியுங்கள்: ஜேயும் புரூட்டஸும் எதிரெதிர்த் தரப்பு, ஆனால் அடிப்படை ஒன்று. ஒத்திருப்பவர்கள்தான் ஒன்றாக வாழ முடியும் என்று இருவருமே நினைக்கிறார்கள். நாம் ஒத்திருக்கிறோம் என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் மற்றவர்.

நவம்பர் 22 அன்று, ஜேயின் கட்டுரை வந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும், அதே பப்ளியஸ் பெயரில் 10-ஆம் கட்டுரை வருகிறது. மேடிசன் அந்த அடிப்படையையே புரட்டிப் போடுகிறார். மனிதர்கள் ஒத்திருக்கப் போவதில்லை. நெருப்புக்குக் காற்று எப்படியோ, கோஷ்டிக்குச் சுதந்திரம் அப்படி. நெருப்புக்குப் பயந்து காற்றை ஒழிக்க நினைப்பது போன்ற மடமைதான் சுதந்திரத்தை ஒழிக்க நினைப்பதும். எல்லோருக்கும் ஒரே கருத்து, ஒரே ஆசை, ஒரே நலன் என்று ஆக்குவதோ நடக்காத காரியம். சொத்து இருப்பவன், இல்லாதவன், கடன் கொடுத்தவன், வாங்கியவன், நிலத்துக்காரன், வணிகன் என்று பிரிவினை இருந்தே தீரும். அப்படியானால் வழி? நிலத்தைப் பெரிதாக்கு, வேறுபாட்டை அதிகமாக்கு. சின்ன ஊரில் ஒரு கோஷ்டி சுலபமாகப் பெரும்பான்மையாகி மற்றவர்களை நசுக்கிவிடும். பெரிய நாட்டில் நூறு நலன்கள் இருக்கும்போது, ஒன்று மட்டும் எல்லோரையும் அடக்கிவிட முடியாது. புரூட்டஸ் நோய் என்றதை மேடிசன் மருந்து என்கிறார்.

ஆக, ஒரே பெயருக்குள் இரண்டு ஒற்றுமைகள் இருக்கின்றன: நாம் ஒன்றுபோல இருப்பதால் சேர்ந்திருக்கிறோம் என்பது ஜே, ஒன்றுபோல இல்லாததால்தான் பத்திரமாகச் சேர்ந்திருக்க முடியும் என்பது மேடிசன். அதே மேடிசன் 14-ஆம் கட்டுரையில், அன்புக் கயிறுகளால் பின்னப்பட்ட இம்மக்கள் இனி ஒரே குடும்பமாக வாழ முடியாது என்று சொல்லும் இயற்கைக்கு மாறான குரலுக்குச் செவிகொடுக்காதீர்கள் என்று உருகுகிறார். கையில் கிடைத்த எல்லாக் கருவியையும் எடுத்துப் போராடுகிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கலவரத்தைப் புது வடிவம் மறைக்கக் கூடாது என்பதே என் ஆசை. எல்லாவற்றையும் ஒரே சீரான, தெளிவான, நம்பிக்கையான நடையில் கொண்டுவரும்போது மூன்று பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். ‘முன்னோர்கள் ஒற்றுமையை வலியுறுத்தினார்கள்’ என்ற ஒற்றை வரி மட்டும் வாசகன் கையில் நிற்கும். எந்த ஒற்றுமை என்று அவன் கேட்கவே மாட்டான். தேச ஒற்றுமை பற்றிப் பேசுகிற எல்லா நாட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

மூன்று பேர் ஒரே ஆளாவது பற்றி இன்னொரு சுவையான விஷயம் உண்டு. யார் எதை எழுதினார்கள் என்பது ரொம்ப காலம் தீராத வழக்காக இருந்தது. 1792-ல் பாரிஸில் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்புதான் மூவரின் பெயரையும் அச்சில் முதலில் வெளியிட்டது. 1804-ல் துப்பாக்கிச் சண்டையில் இறப்பதற்குச் சற்று முன் ஹாமில்டன் ஒரு பட்டியல் எழுதி வைத்துவிட்டுப் போனார்; பின்னாளில் மேடிசன் கொடுத்த பட்டியலோடு அது ஒத்துப்போகவில்லை. 12 கட்டுரைகளை இரு பட்டியலுமே தத்தம் ஆளுக்கு உரியவை என்றன. நடை ஒன்றுபோல, வாக்கிய நீளம் ஒன்றுபோல, வாதம் ஒன்றுபோல. எப்படித் தீர்ப்பது?

ஃபிரெடெரிக் மாஸ்டெல்லர், டேவிட் வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1964-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தீர்த்தது. அவர்கள் பெரிய கருத்துகளைப் பார்க்கவில்லை. யாரும் கவனிக்காத சின்னச் சொற்களை எண்ணினார்கள். ‘மேல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றும் சொல்லலாம், ‘அப்பான்’ என்றும் சொல்லலாம். ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூன்று முறை போல ‘அப்பான்’ எழுதுகிறார். மேடிசன் அதை அபூர்வமாகத்தான் தொடுகிறார். ‘அப்போது’ என்ற பொருளில் ஹாமில்டனின் பேனா ‘வைல்’ என்றால், மேடிசனின் பேனா ‘வைல்ஸ்ட்’ என்கிறது. இப்படிப்பட்ட சொற்களை எண்ணிக் கணக்குப் போட்டதில் 12 கட்டுரைகளும் மேடிசன் பக்கமே சாய்ந்தன.

இப்போது புது ஆங்கிலத்தில் மாற்றி எழுதுபவரை நினைத்துப் பாருங்கள். அவர் முதல் வேலையாக எதை மாற்றுவார்? ‘அப்பான்’ பழசு, ‘ஆன்’ போடு. ‘வைல்ஸ்ட்’ பழசு, ‘வைல்’ போடு. தப்பே இல்லாத திருத்தம். அர்த்தத்தில் ஒரு மயிரிழை மாற்றம் இல்லை. ஆனால் கைரேகை அழிந்துபோகிறது. அதனால்தான் சொல்கிறேன்: நம்மூர் உரைநூல்கள் மாதிரி மேலே மூலம், கீழே புது வடிவம் என்று அச்சிடுவதே சரி. படிக்கத் தெரிந்தவனுக்கு இரண்டும் வேண்டும்.

அடிமை முறை பற்றிய பகுதிகளும் மாற்றி எழுதுபவரின் நேர்மையைச் சோதிப்பவை. அரசமைப்பில் ‘அடிமை’ என்ற சொல் எங்குமே இல்லை. ‘ஏனைய நபர்கள்’ என்று சுற்றி வளைத்து எழுதி, மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளை ஒதுக்கும் மக்கள்தொகையில் ஒவ்வொருவரையும் ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டார்கள். 54-ஆம் கட்டுரையில் மேடிசன் அந்தச் சொல்லை நேராகவே எழுதுகிறார். ஆனால் வாதத்தைத் தன் குரலில் சொல்லாமல், தென்மாநிலச் சகோதரர் ஒருவர் பேசுவதாக வைத்து, அடிமைகள் பாதி நபர், பாதி உடைமை என்ற கலப்பு நிலையில் இருப்பதாகச் சொல்லவைக்கிறார். பேசுபவர் கற்பனைத் தென்மாநிலத்தவர். எழுதுபவர் உண்மையிலேயே அடிமைகளை வைத்திருந்த வர்ஜீனியாக்காரர். அந்த மேற்கோள் குறியை எடுத்துவிட்டு நேர்க்கூற்றாகச் சுருக்கினால் ஒரு பொருள்; வைத்தால், தன் வாதத்தோடு முழுதாக நிற்க முடியாத ஒரு மனிதன் தெரிகிறான். எனக்கு அந்த மனிதனைப் பார்க்க வேண்டும். ஜேயும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அவரே 1785-ல் தொடங்கிய நியூயார்க் அடிமை விடுதலைச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார், 1799-ல் ஆளுநராகப் படிப்படியான விடுதலைச் சட்டத்தில் கையெழுத்தும் போட்டார்.

இவ்வளவு எழுதியும் கட்டுரைகள் ஜெயித்தனவா? நியூயார்க்கில் வாக்கெடுப்பு நடந்தபோது, அரசமைப்பை ஏற்பதா என்று முடிவுசெய்யும் மாநில மாநாட்டுக்குத் தேர்வான 65 பேரில் 46 பேர் எதிர்ப்பாளர்கள். பப்ளியஸ் அங்கே தோற்றார் என்றே சொல்ல வேண்டும். நிலைமையை மாற்றியவை பிற மாநிலங்கள். 1788 ஜூன் 21-ல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்றது. நான்கு நாளில் வர்ஜீனியா 89-க்கு 79 என்று ஏற்றது. இனி வெளியே நின்றால் தனித்துப் போவோம் என்ற நிலையில், ஜூலை 26 அன்று நியூயார்க் 30-க்கு 27 என்ற கணக்கில் சம்மதித்தது. மூன்றே வாக்கு.

கடைசியாக ஒரு பிரதிப்பெயர். 15-ஆம் கட்டுரையில் ஹாமில்டன், அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆட்களையும் பணத்தையும் கேட்கலாம், ஆனால் குடிமக்களிடம் நேரடியாகத் திரட்ட ‘அவற்றுக்கு’ அதிகாரம் இல்லை என்று எழுதுகிறார். ‘அதற்கு’ என்று எழுதவில்லை. அரசமைப்பிலும் தேசத் துரோகம் என்றால் ஐக்கிய நாடுகளுக்கு எதிராக, ‘அவற்றுக்கு’ எதிராகப் போர் தொடுப்பது என்றுதான் இருக்கிறது. அன்று அந்தப் பெயர் பன்மை. இன்று ஆங்கிலத்தில் அது ஒருமை. புது வடிவம் எழுதுபவர் இயல்பாகவே ‘அது’ என்று மாற்றிவிடுவார். 19-ஆம் நூற்றாண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்த மாற்றம் அது. சேர்ந்த மாநிலம் பிரிந்து போகலாமா என்ற கேள்வியைக் கட்டுரைகளால் தீர்க்க முடியாமல், 1861-லிருந்து 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 6 லட்சத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். 1948 நவம்பர் 4 அன்று நம் அரசமைப்பு வரைவை அவையில் வைத்த அம்பேத்கர் இதை மனதில் வைத்தே பேசினார். இந்தியக் கூட்டாட்சி மாநிலங்கள் போட்ட ஒப்பந்தத்தால் பிறந்தது இல்லை, அதனால் எந்த மாநிலத்துக்கும் பிரிந்து போக உரிமை இல்லை. அமெரிக்கர்கள் அதை நிலைநாட்ட உள்நாட்டுப் போர் நடத்த வேண்டியிருந்தது என்றார். முதல் விதியில் ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்று எழுதியதற்கு அவர் சொன்ன காரணம் இது.

அந்தப் போர் முடிந்து, 1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தம் அமெரிக்க அரசமைப்பில் சேர்ந்தது. ஐக்கிய நாடுகளிலோ அதிகாரத்துக்கு உட்பட்ட வேறெந்த இடத்திலோ அடிமை முறை இருக்கக் கூடாது என்கிறது அது. எதன் அதிகாரத்துக்கு உட்பட்ட இடம் என்று பார்த்தால், அந்த வரியிலும் ‘அதன்’ என்று இல்லை. ‘அவற்றின்’ என்றே இருக்கிறது.